‘ஹெல்-பென்ட் ஆன்’: ஒருவன் அழிக்கத்தான் நிற்கிறான் என்று ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

கேள்வி இதுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒருவர் சங்கத்துக்கு ஆங்கிலத்தில் புகார்க் கடிதம் எழுதியிருக்கிறார். அதில் ஒரு வரி: ‘தி காண்ட்ராக்டர் இஸ் ஹெல் பென்ட் டு டெஸ்ட்ராய் அவர் பில்டிங்.’ படித்துப் பார்த்த நண்பர், இது தப்பு என்று சொல்லிவிட்டார். என்ன தப்பு, சரியாக எப்படி எழுதுவது, இந்தத் தொடரைக் கடிதத்தில் போடலாமா என்று கேட்கிறார். மொட்டைமாடியில் சோலார் பேனல் வைக்க வந்த ஒப்பந்ததாரர் பீமில் துளை போட்டதுதான் விவகாரம். நிறுத்தச் சொல்லி இரண்டு முறை எழுத்திலேயே கொடுத்தும் ஆள் நிறுத்தவில்லையாம்.

நண்பர் சொன்னது சரி. ‘ஹெல்-பென்ட் ஆன் டெஸ்ட்ராயிங்’ என்று வர வேண்டும். ஆனால் ‘டு’வை எடுத்துவிட்டு ‘ஆன்’ போட்டால் வாக்கியம் இலக்கணத்தில் தேறும், கடிதம் தேறாது. ஆங்கிலப் பிரதிகளைத் திருத்துவதே என் வேலை என்பதால் இந்தத் தொடரை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் இலக்கணத்தைவிட அது நிற்கும் இடம்தான் தப்பாக இருக்கும்.

முதலில் இலக்கணத்தை முடித்துவிடுவோம். ‘பென்ட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘ஆன்’ வரும். ‘ஆன்’ வந்தால் அடுத்து வருவது பெயர்ச்சொல்லாகவோ ‘இங்’ சேர்ந்த வினையாகவோ இருக்க வேண்டும். ‘பென்ட் ஆன் டெஸ்ட்ரக்‌ஷன்’, ‘பென்ட் ஆன் ரிவெஞ்ச்’, ‘பென்ட் ஆன் டெஸ்ட்ராயிங் தி பார்ட்டி’ எல்லாம் சரி. ‘பென்ட் டு டெஸ்ட்ராய்’, ‘பென்ட் இன் டெஸ்ட்ராயிங்’, ‘பென்ட் ஃபார் டெஸ்ட்ராயிங்’ எல்லாம் தவறு. ‘டு’ போட்டு எழுதியது அச்சிலும் அங்கங்கே கண்ணில் படும், அதை நம்பி எழுத வேண்டாம்.

நமக்கு ஏன் ‘டு’ தானாகவே கைக்கு வருகிறது? தமிழில் யோசிப்பதால்தான். ‘என்னை ஒழிக்கக் கங்கணம் கட்டிக்கொண்டு நிற்கிறான்’ என்கிறோம். ‘ஒழிக்க’, ‘அழிக்க’ என்ற எச்சம் ஆங்கிலத்துக்குப் போகும்போது நேராக ‘டு டெஸ்ட்ராய்’ ஆகிவிடுகிறது. அதற்குப் பதிலாக ‘அழிப்பதில் குறியாக இருக்கிறான்’ என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். ‘அழிப்பதில்’ என்றதும் ‘ஆன் டெஸ்ட்ராயிங்’ சரியாக வந்து உட்கார்ந்துவிடும். இதே குறியைச் சொல்லும் ‘இன்டென்ட் ஆன்’, ‘செட் ஆன்’ இரண்டுக்கும் இதே வழிதான். ‘அழித்தே தீருவது என்று முடிவுகட்டிவிட்டான்’ என்பதற்கு ‘டிட்டர்மின்ட் டு டெஸ்ட்ராய்’. ‘அழிக்கக் கிளம்பிவிட்டான்’ என்பதற்கு ‘அவுட் டு டெஸ்ட்ராய்’. இந்த இரண்டிலும் ‘டு’ இருக்கிறது. குழப்பம் முழுக்க இந்த இரண்டு கூட்டமும் கலப்பதால் வருவதுதான்.

எழுத்துப்பிழை ஒன்றும் சகஜம். ‘பென்ட்’ என்பது ‘டேபிள்’ தொடங்கும் எழுத்தில் முடிய வேண்டும், ‘டாக்டர்’ தொடங்கும் எழுத்தில் அல்ல. பின்னதைப் போட்டால் சாலை வளைவு ஆகிவிடும். காதால் கேட்டுப் பழகியவர்கள் பலர் இப்படி எழுதுகிறார்கள், கணினியின் பிழைதிருத்தியும் விட்டுவிடும், ஏனென்றால் அதுவும் ஒரு நல்ல சொல்தான். நடுவில் வரும் சிறு கோட்டைப் பொறுத்தவரை, ‘ஹெல்-பென்ட்’ என்று கோடு போட்டு எழுதுவது பாதுகாப்பானது. சேர்த்து ஒரே சொல்லாகவும் எழுதுகிறார்கள். நடுவில் வெறும் இடைவெளி விட்டு இரண்டு சொற்களாக எழுத வேண்டாம்.

‘பென்ட் அபான்’ சரியா என்றும் கேட்பார்கள். சரிதான், கொஞ்சம் பழைய மிடுக்கு. நம் ஊர் ஆங்கிலத்துக்கு அதன்மேல் ஒரு பிரியம் உண்டு, மனுக்களில் எல்லாம் ‘அபான்’தான். ஆனால் ‘ஹெல்-பென்ட் அபான்’ என்று எழுதினால் கொச்சைப் பேச்சும் நீதிமன்ற நடையும் ஒரே வரியில் முட்டிக்கொள்ளும். ‘ஹெல்’ வந்தால் ‘ஆன்’ போதும். இன்னொன்று: இதைப் பெயருக்கு முன்னால் அடைமொழியாக வைக்காதீர்கள். ‘எ ஹெல்-பென்ட் மேன்’ காதுக்கு ஒட்டாது, ‘எ மேன் ஹெல்-பென்ட் ஆன் ரிவெஞ்ச்’ ஒட்டும். ‘வெரி ஹெல்-பென்ட்’ என்பதும் கிடையாது. ‘வெரி’ செய்ய வேண்டிய வேலையை ‘ஹெல்’ ஏற்கெனவே செய்துவிட்டது.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் ‘பென்டு’ என்ற வினை வில்லோடு சேர்ந்தது. வில்லை வளைத்து நாணேற்றுவதுதான் அதன் ஆதிப் பொருள்களில் ஒன்று. வெறுமனே கோணலாவது என்ற பொருள் பின்னால் வந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்த மனம், ஒன்றையே நாடும் மனம் என்ற பொருளும் பிறகு சேர்ந்தது. ‘லிட்டரரி பென்ட் ஆஃப் மைண்ட்’ என்று பயோடேட்டாவில் எழுதுகிறார்களே, அந்த ‘பென்ட்’ இந்தக் குடும்பம்தான். அதில் அழிவு எதுவும் இல்லை, நாட்டம் மட்டும்தான்.

‘ஹெல்’ பிறகு ஒட்டிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கப் பேச்சுவழக்கில் புழங்கிய சொல் அது. 1840இல் அங்கே அதிபர் தேர்தல் ஆண்டு. மெயின் மாநிலம் செப்டம்பரிலேயே தன் தேர்தலை முடித்துவிட்டது, விக் கட்சியின் எட்வர்ட் கென்ட் ஆளுநர் தேர்தலில் முந்தினார். உடனே அந்தக் கட்சிக்காரர்கள் பாட்டுக் கட்டினார்கள்: மெயின் மாநிலம் ‘ஹெல்-பென்ட் ஃபார் கவர்னர் கென்ட்’ போனதாம். எதுகை நன்றாக அமைந்ததால் வரி ஊரெல்லாம் பரவியது. அந்த நவம்பரில் அவர்களுடைய அதிபர் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசனும் ஜெயித்தார், பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்தும் போனார். அது வேறு கதை. இங்கே கவனிக்க வேண்டியது அந்தப் பாட்டில் யாரும் எதையும் அழிக்கவில்லை என்பது. தலைகால் தெரியாத வேகத்தில் ஒரே பக்கமாகப் போனார்கள், அவ்வளவுதான்.

ஆகவே அழிவு என்பது ‘ஹெல்-பென்ட்’டுக்குள் இல்லை, பின்னால் நாம் சேர்க்கும் சொல்லில்தான் இருக்கிறது. ‘ஷி இஸ் ஹெல்-பென்ட் ஆன் வின்னிங்’ என்று ஒரு வீராங்கனையைப் பற்றி எழுதலாம், குறையாகாது. நம்முடைய கங்கணமும் இப்படித்தான். பிள்ளையைப் படிக்கவைக்கவும் கங்கணம் கட்டிக்கொள்வோம், பங்காளியைக் கோர்ட்டுக்கு இழுக்கவும் கட்டிக்கொள்வோம். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு கூடுதல் நெடி உண்டு. பின்விளைவைப் பற்றிக் கவலையே படாமல், யார் சொன்னாலும் கேட்காமல் என்ற பொருள் அதில் இருக்கிறது. எனவே உங்கள் மேலாளரைப் பாராட்டி ‘ஹி இஸ் ஹெல்-பென்ட் ஆன் இம்ப்ரூவிங் குவாலிட்டி’ என்று எழுதினால் அவர் இரண்டு முறை படிப்பார். ‘கமிட்டட் டு’ என்று எழுதிவிட்டுப் போங்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது: ‘கமிட்டட் டு’வுக்குப் பின் ‘இம்ப்ரூவ்’ வராது, ‘இம்ப்ரூவிங்’ வரும்.

இனி, அந்தத் தொடர் நிற்கும் இடம். ‘பென்ட் ஆன்’, ‘ஹெல்-பென்ட் ஆன்’, ‘இன்டென்ட் ஆன்’ எல்லாம் நடந்ததைச் சொல்லும் சொற்கள் அல்ல, ஒருவன் மனதில் இருப்பதைச் சொல்லும் சொற்கள். எழுதும்போது நீங்கள் ஒரு மனிதனின் நெஞ்சைத் திறந்து பார்த்ததாகச் சொல்கிறீர்கள். இதிலிருந்து முதலில் ஒரு விதி வருகிறது: எழுவாய்க்கு மனம் இருக்க வேண்டும். அடுத்து ஒரு பொறுப்பும் வருகிறது, அது பின்னால்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. தமிழ்ச் செய்தியில் ‘கோரத்தாண்டவம்’ என்று போடலாம், யாரும் புயலுக்கு மனம் உண்டா என்று கேட்கப்போவதில்லை. ஆனால் ஆங்கிலச் செய்தியில் ‘தி சைக்ளோன் வாஸ் பென்ட் ஆன் டெஸ்ட்ராயிங் தி டெல்டா’ என்று எழுதினால் செய்தியாளர் கவிதை எழுதுகிறார் என்று துணை ஆசிரியர் வெட்டுவார். புயலுக்கு உரியது நாசம் விளைவிப்பதைச் சொல்லும் ‘ரீக் ஹேவக்’. ‘கஜா ரீக்ட் ஹேவக் இன் தி டெல்டா’. இதில் நோக்கம் பற்றிப் பேச்சே இல்லை, விளைவு மட்டும்தான். வெள்ளம், கம்ப்யூட்டர் வைரஸ், பூச்சித் தாக்குதல் என்று மனமில்லாத எதற்கும் இது பொருந்தும், மனிதர்களுக்கும் பொருந்தும். நோக்கம் தெரியாதபோது இதுதான் கைகொடுக்கும்.

‘ஹேவக்’ என்ற சொல்லின் கதை இதற்கு நேர்மாறானது, அதில் முழுக்க நோக்கம்தான். இடைக்காலப் படைகளில் தலைவன் ‘ஹேவக்’ என்று குரல் கொடுத்தால், இனிக் கொள்ளையடிக்கலாம் என்று அர்த்தம். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த கூவல் அது. கட்டுப்பாடே இல்லாமல் போய்விடுகிறது என்று இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்ட் 1385இல் தன் படைக்கு விதித்த ஒழுங்குமுறைகளில், அனுமதியின்றி ‘ஹேவக்’ என்று கூவுபவன் தலை போகும் என்றே எழுதிவைத்தார். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆன்டனி பேசும் வரியில் வருவதும் இந்தக் கூவல்தான். இன்று அந்தப் படை, கொள்ளை எல்லாம் உதிர்ந்துபோய் நாசம் என்ற விளைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

‘ரீக்’ என்பதை ‘ரெக்’ என்று படிப்பதும் எழுதுவதும் பரவலான தவறு. ‘ரெக்’ என்றால் உடைத்து நொறுக்குவது, அதற்கு ‘ஹேவக்’ தேவையில்லை: ‘தி ஸ்டார்ம் ரெக்ட் தி ஜெட்டி’. ‘ஹேவக்’ வந்தால் ‘ரீல்’ என்பதில் வரும் நெடில் ‘ரீ’தான். இறந்தகாலம் ‘ரீக்ட்’. ‘ராட் ஹேவக்’ என்று எழுதுபவர்களும் உண்டு. ‘ராட்’ உண்மையில் ‘வொர்க்’ என்பதன் பழைய இறந்தகாலம். ‘வொர்க் ஹேவக்’ என்ற வழக்கும் ஒரு காலத்தில் இருந்ததால் அதை முழுத் தவறு என்று சொல்ல முடியாது. நான் திருத்தும் பிரதியில் ‘ரீக்ட்’ ஆக்கிவிடுவேன். கல்யாண நேரத்தில் மழை வந்து எல்லாத் திட்டத்தையும் குளறுபடி செய்தது என்பது மாதிரி சின்ன விஷயத்துக்கு ‘ப்ளே ஹேவக் வித்’ போதும்.

பக்கத்திலேயே இன்னும் இரண்டு பொறிகள். தரைமட்டமாக்கியதைச் சொல்லும் ‘ரேஸ்டு டு தி கிரவுண்ட்’டில் நடுவில் வருவது ‘ஜூ’ தொடங்கும் எழுத்தான ‘இஸட்’. அதற்குப் பதில் ‘எஸ்’ போட்டு எழுதினால் தரைக்கு உயர்த்தியதாகிவிடும், அர்த்தமே தலைகீழ். அடுத்தது, ‘டெஸ்ட்ரக்ட்’ என்று ஒரு வினை உண்டா? ‘தே டெஸ்ட்ரக்டட் தி வால்’ என்று எழுதிய பிரதிகள் வருகின்றன. சாதாரண ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை, ‘டெஸ்ட்ராய்ட்’தான். ராக்கெட் தளத்தில் மட்டும் அது தொழில்சொல். 2010 டிசம்பர் 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜிஎஸ்எல்வி-எஃப்06 கட்டுப்பாட்டை இழந்ததும் பாதுகாப்பு அதிகாரி கொடுத்தாரே ஒரு கட்டளை, அதன் பெயர் ‘டெஸ்ட்ரக்ட் கமாண்ட்’. அங்கே அழிப்பது முழு நோக்கத்தோடு, கீழே இருக்கும் ஊர்களைக் காப்பாற்ற.

இப்போது பொறுப்பு. நோக்கத்தைச் சொல்லும் ஆங்கிலத் தொடர்களை மிக கவனமாகக் கையாள்பவர்கள் சட்டம் எழுதியவர்கள்தான். 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 425ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படிக்கச் சொல்வேன். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 324. ‘மிஸ்சீஃப்’ என்ற குற்றத்தின் வரையறை அது. பிள்ளைகளின் குறும்பு அல்ல, பிறர் சொத்தைச் சேதப்படுத்துவது. வரையறை தொடங்குவது ‘வித் இன்டென்ட் டு காஸ்’ என்று. உடனே ஒரு ‘ஆர்’ போட்டு, ‘நோயிங் தட் ஹி இஸ் லைக்லி டு காஸ்’ என்று தொடர்கிறது. அதாவது நஷ்டம் உண்டாக்கும் நோக்கத்தோடு செய்தாலும் சரி, நஷ்டம் உண்டாகக்கூடும் என்று தெரிந்தே செய்தாலும் சரி, குற்றம்தான். நோக்கம் வேறு, தெரிந்திருப்பது வேறு என்று சட்டம் பிரித்துவைத்திருக்கிறது. இந்த ‘தெரிந்தே’ நமக்குக் கடைசியில் தேவைப்படும்.

அந்தப் பிரிவின் கீழ் இருக்கும் உதாரணங்கள் இலக்கணப் பாடமாகவே வைக்கத் தகுந்தவை. முதலாவதில் ஏ என்பவர் இஸட்டின் மதிப்புள்ள பத்திரத்தை எரிக்கிறார், ‘இன்டென்டிங் டு காஸ்’ நஷ்டம். இரண்டாவதில் இஸட்டின் ஐஸ் ஹவுஸுக்குள் தண்ணீரை விட்டுப் பனிக்கட்டியைக் கரைக்கிறார், ‘இன்டென்டிங்’ நஷ்டம். இங்கே ‘டு’வே இல்லை, நேராகப் பெயர்ச்சொல். மூன்றாவதில் இஸட்டின் மோதிரத்தை ஆற்றில் எறிகிறார், ‘வித் தி இன்டென்ஷன் ஆஃப்’ என்று போட்டு, பிறகு ‘காசிங்’. ஆக ‘வித் இன்டென்ட் டு’வுக்குப் பின் வெறும் வினை, ‘இன்டென்ட்’டுக்கு முன்னால் ‘தி’ கிடையாது. ‘வித் தி இன்டென்ஷன் ஆஃப்’ வந்தால் பின்னால் ‘இங்’. எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கிறது. நம் காவல் நிலைய எஃப்ஐஆர்களில் புழங்கும் ‘வித் அன் இன்டென்ஷன் டு’ இவற்றைக் கலந்து பிறந்தது. அது இனி மாறப்போவதில்லை, நாமாவது எழுதாமல் இருக்கலாம்.

அந்த ஐஸ் ஹவுஸ் உதாரணத்தைச் சென்னைக்காரர்கள் விட்டுவிடக் கூடாது. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் அனுப்பி விற்ற காலம் அது. மெட்ராஸில் அதைச் சேமிக்கக் கடற்கரையில் 1842இல் எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இப்போது விவேகானந்தர் இல்லம். பகுதிக்கு மட்டும் பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் கடல் தாண்டி வந்த பனிக்கட்டி எவ்வளவு விலைபோன சரக்கு என்று நினைத்துப் பார்த்தால், அதற்குள் தண்ணீர் விடுபவனை ஏன் சட்டத்தில் உதாரணமாக வைத்தார்கள் என்பது புரியும்.

அதே பழைய சட்டத்தின் 436ஆம் பிரிவுக்குத் தலைப்பு, தீயால் அல்லது வெடிபொருளால் ‘வித் இன்டென்ட் டு டெஸ்ட்ராய் ஹவுஸ்’ என்று வரும். ஆயுள் தண்டனைவரை போகக்கூடிய குற்றம். தலைப்பில் நோக்கம் மட்டும்தான் இருக்கிறது, உள்ளே போனால் அங்கேயும் ‘தெரிந்தே’ என்ற இரண்டாம் வாசல் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் வாசலே இல்லாத இடம் ஒன்று உண்டு. 1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற இனப்படுகொலை உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்பு. அதில் நோக்கத்தைச் சொல்லும் தொடர் ‘வித் இன்டென்ட் டு டெஸ்ட்ராய், இன் ஹோல் ஆர் இன் பார்ட்’ என்று தொடங்கி, தேசிய, இனக்குழு, இன, மத அடிப்படையிலான ஒரு குழுவை ‘ஆஸ் சச்’ என்று முடியும். அந்தக் கடைசி இரண்டு சின்னச் சொற்களுக்கு, அந்தக் குழு அந்தக் குழுவாக இருக்கிறது என்பதற்காகவே என்று பொருள். இதில் கொலை நடந்தது என்று நிரூபித்தால் போதாது, அழிக்கும் நோக்கம் தனியாக நிரூபணமாக வேண்டும். செர்பியாமீது பொஸ்னியா தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2007 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னபோது, பல இடங்களில் பெரும் எண்ணிக்கையில் கொலைகள் நடந்ததை ஏற்றுக்கொண்டது, ஆனால் அந்தக் குறிப்பிட்ட நோக்கம் 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகாவில் நடந்ததற்கு மட்டுமே நிரூபணமானதாகச் சொன்னது. குரோஷியாவின் வழக்கில் 2015இல் அதே அளவுகோல்தான்: நடந்தவற்றிலிருந்து நியாயமாக எடுக்கக்கூடிய ஒரே முடிவு அந்த நோக்கம்தான் என்று இருக்க வேண்டும்.

ஈழத்தில் நடந்தது பற்றி ஆங்கிலத்தில் மனு, அறிக்கை, நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் என்று எழுதும் தமிழர்கள் பலர். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே உடன்படிக்கையின் தொடரை ஓர் எழுத்துகூட மாற்றாமல் போடுங்கள். ‘வித் தி இன்டென்ஷன் ஆஃப் டெஸ்ட்ராயிங்’ என்று அழகுபடுத்த வேண்டாம். ‘ஹெல்-பென்ட் ஆன் டெஸ்ட்ராயிங் தி டமில்ஸ்’ என்று எழுதினால் படிப்பவருக்கு உங்கள் கோபம் புரியும், சட்டப் புள்ளி புரியாது. உடன்படிக்கையின் தொடரை அடுத்து உடனே தேதி, இடம், உத்தரவு, சாட்சியம் வர வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் வசவாகவே போய்விடும்.

இனிக் கேட்டவரின் கடிதத்துக்கு வருவோம். காண்ட்ராக்டருக்கு உண்மையில் கட்டடத்தை இடிக்கும் ஆசை இருக்குமா? எனக்குத் தோன்றவில்லை. வேலையைச் சீக்கிரம் முடித்து, அடுத்த தளத்துக்கு ஆளை அனுப்பும் அவசரம்தான் இருக்கும். அவருடைய பதில் கடிதத்தில் முதல் வரியே, ‘கட்டடத்தை அழிப்பதால் எனக்கு என்ன லாபம்?’ என்று இருக்கும், சங்கத்தில் பாதிப் பேர் அதை ஒப்புக்கொள்வார்கள். பீமில் துளை விழுந்த சமாச்சாரம் அத்தோடு பின்னால் போய்விடும். நீங்கள் நிரூபிக்க முடியாத ஒன்றைச் சொன்னதால், நிரூபிக்க முடிந்ததும் வலுவிழந்துவிட்டது.

நான் திருத்தினால் இப்படிச் செய்வேன். அந்த வரியை எடுத்துவிட்டு நடந்ததை முதலில் வைப்பேன்: ‘தி காண்ட்ராக்டர் ஹாஸ் டிரில்ட் இன்டு டூ பீம்ஸ் ஆன் தி டெரஸ்.’ பீம் இரண்டா மூன்றா என்று போய் எண்ணிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அடுத்த வரியில் நீங்கள் எழுத்தில் கொடுத்த இரண்டு தேதிகளும் வர வேண்டும். மூன்றாவது வரிதான் முக்கியம்: ‘ஹி கன்டின்யூட் ஆஃப்டர் பீயிங் டோல்ட், இன் ரைட்டிங், தட் திஸ் குட் வீக்கன் தி ஸ்ட்ரக்சர்.’ கட்டமைப்பு பலவீனமாகலாம் என்று எழுத்தில் சொன்ன பிறகும் தொடர்ந்தார். 425இல் பார்த்த ‘தெரிந்தே’ என்ற வாசல் இதுதான். அவர் மனதில் என்ன இருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை, அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று சொல்கிறீர்கள், அதற்கு உங்கள் கையில் நகல் இருக்கிறது. உங்கள் கடிதங்களில் உண்மையிலேயே கட்டமைப்பைப் பற்றிச் சொல்லியிருந்தால் மட்டும் இந்த வரி. சத்தம் அதிகமாக இருக்கிறது என்று மட்டும்தான் எழுதியிருந்தீர்கள் என்றால், முதலில் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் குறிப்போடு புதுக் கடிதம் கொடுங்கள். அதன்பிறகும் துளை போட்டால் அந்த வரி உங்களுக்குக் கிடைக்கும்.

அவருடைய நடத்தையைப் பற்றி ஒரு சொல்லாவது வேண்டும் என்று மனசு கேட்கவில்லையென்றால் ‘ரெக்லெஸ்’ போடுங்கள். என்ன ஆனாலும் பரவாயில்லை என்று செய்வதற்கு அது சரியான சொல். ‘வித் நோ ரிகார்ட் ஃபார் தி சேஃப்டி ஆஃப் தி ரெசிடென்ட்ஸ்’ என்பதும் நிற்கும். ‘சீம்ஸ் இன்டென்ட் ஆன் இக்னோரிங் அஸ்’ என்றால் கொஞ்சம் குத்தல், ஆனால் தோன்றுகிறது என்ற ‘சீம்ஸ்’ உங்களைக் காப்பாற்றும். ‘வில்ஃபுல்’, ‘மலீஷியஸ்’ இரண்டையும் வக்கீல் சொன்னால் ஒழியத் தொடாதீர்கள்.

கடைசியாக, கடிதம் யாருக்குப் போகிறது என்பதும் ஒரு விஷயம். நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு ஒருவர்மீது புகார் சொல்வதற்கு அவதூறுச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அத்தனை பேரும் படிக்க, ‘அழிக்கத்தான் வந்திருக்கிறான்’ என்று ஆங்கிலத்திலோ தமிழிலோ போடுவதற்கு அந்த விலக்கை நம்ப முடியாது. ‘ஹெல்-பென்ட்’டைப் பொதுக்குழுவில் வாயால் சொல்லிக்கொள்ளுங்கள், செயலாளர் அதை மினிட்ஸில் ஏற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.